ராணி யார் கையில்? பிரிட்ஜ் ஆட்டத்தில் எதை நம்பித் தேடுவது

பிரிட்ஜில் டிக்ளேரராக, அதாவது ஏலத்தில் வென்று தன் கையையும் இணையின் கையையும் ஆடுகிறவராக, உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரிவது 26 சீட்டுகள். தன் கையில் 13, மேசையில் விரித்த டம்மியில் (இணையின் கையில்) 13. மற்ற 26 சீட்டுகளும் இரண்டு எதிராளிகளின் கைகளில் மறைந்து கிடக்கின்றன. பல ஆட்டங்களில் வெற்றி தோல்வி அந்த 26-இல் ஒரே ஒரு சீட்டில் வந்து நிற்கும். அநேகமாக அது ஒரு ராணியாக இருக்கும். இடப்பக்கம் இருப்பவரிடமா, வலப்பக்கம் இருப்பவரிடமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நான்கு வழிகள் இருக்கின்றன. விழுக்காட்டு அட்டவணையை நம்பலாம். எதிராளியின் முகத்தையும் தயக்கத்தையும் படிக்கலாம். எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் மாறி மாறிக் கேட்கும் ஏலத்தில் அவர்கள் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் வைத்துப் பெரிய சீட்டுகளின் புள்ளிகளைக் கூட்டலாம். ஒவ்வொரு இனத்திலும் யாருக்கு எத்தனை சீட்டு என்று எண்ணிக் கையின் அமைப்பைக் கண்டுபிடிக்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைப்பை எண்ணுவதுதான் முதன்மையானது. அதை மிஞ்சக்கூடியது, அதுவும் சில சமயங்களில் மட்டும், புள்ளிக் கணக்கு. அட்டவணை இவை இரண்டும் கைவிட்ட பிறகு எடுக்க வேண்டியது. முகம் கடைசி.

இதைத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் கூடும் மேசைகளில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அதிகம். சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் அறை எடுத்து இரவெல்லாம் சீட்டு ஆடுகிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் ரம்மியிலிருந்தோ இருபத்தெட்டிலிருந்தோ பிரிட்ஜுக்கு வந்தவர்கள். இருபத்தெட்டில் 32 சீட்டுகள்தான், ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்குப் புள்ளி எங்கே போயிற்று என்பது விரல் நுனியில் நிற்கும். எந்த இனத்தில் யாருக்கு எத்தனை சீட்டு என்பதைக் கடைசிவரை தொடர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் இருக்காது. எட்டுச் சீட்டில் அதற்கு அவ்வளவு தேவையும் இல்லை. பதின்மூன்று சீட்டில் அது இல்லாமல் முடியாது.

அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். ஓர் இனத்தில் எதிராளிகளிடம் எத்தனை சீட்டு இருந்தால் அவை எப்படிப் பிரிந்திருக்கும் என்பதைக் கணிதம் திட்டமாகச் சொல்லிவிடுகிறது. நான்கு சீட்டு வெளியே இருந்தால் 3-1 என்று பிரிய 49.74 விழுக்காடு, 2-2 என்று பிரிய 40.70, 4-0 என்று பிரிய 9.57. ஐந்து இருந்தால் 3-2 என்பது 67.83, 4-1 என்பது 28.26. ஆறு இருந்தால் 4-2 என்பது 48.45, 3-3 என்பது வெறும் 35.53. இந்தக் கடைசி எண்ணைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள். ஆறு சீட்டு என்றால் மூன்று மூன்றாகத்தானே பிரிய வேண்டும் என்று மனம் சொல்லும். மூன்று முறைக்கு ஒரு முறையைவிடச் சற்றே அதிகமாகத்தான் அப்படி நடக்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு மறுப்பே இல்லை, கட்டாயம் செய்யுங்கள்.

அட்டவணை மேசையில் நடப்பதைப் பார்ப்பதில்லை என்பதுதான் அதன் குறை. முதல் சீட்டு விழுவதற்கு முன் இருந்த நிலவரத்தை அது சொல்கிறது. ஏலத்தில் ஒருவர் வாய் திறந்த உடனேயே அந்த எண்கள் பழையவை ஆகிவிடுகின்றன. மேசையில் நால்வரையும் திசைப் பெயரால் சொல்வது வழக்கம்: நீங்கள் தெற்கு, டம்மி வடக்கு, எதிராளிகள் மேற்கும் கிழக்கும். கிழக்கு ஏலத்தை மூன்று ஆட்டின் என்று தொடங்கினார், அவர் கையில் ஏழு ஆட்டின் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் நான்கு ஆட்டின் இருந்தால் மேற்கிடம் இரண்டு. கிழக்கின் கையில் மற்ற இனங்களுக்கு ஆறு இடம்தான் காலி. மேற்கின் கையில் பதினொன்று காலி. வேறு எதுவும் தெரியாத நிலையில், ஓர் இனத்தில் காணாமல் போன ராணி மேற்கிடம் இருப்பதற்கான வாய்ப்பு 11-க்கு 6 என்ற விகிதம், அதாவது பதினேழில் பதினொன்று, ஏறக்குறைய 65 விழுக்காடு. அட்டவணையை மட்டும் கையில் வைத்திருப்பவர் இங்கேயும் பாதிக்குப் பாதி என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

முகம் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிராளி தயங்கியதிலிருந்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம், ஆனால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு என்று பிரிட்ஜ் விதிகளே சொல்கின்றன. வேண்டுமென்றே தயங்கி ஏமாற்றுவதை அதே விதிகள் தடுக்கின்றன. நேர்மையான எதிராளி தயங்கினால் அவருக்கு ஏதோ ஒரு சிக்கல் இருக்கிறது என்பது உண்மை. அந்தச் சிக்கல் ராணியைப் பற்றியதா, அடுத்து எந்த இனத்தை இறக்குவது என்பதைப் பற்றியதா என்பது யாருக்கும் தெரியாது. கணினியில் ஆடும்போது இணைய இணைப்பு ஒரு நொடி நின்றாலும் அது தயக்கம் போலத்தான் தெரியும். பல ஆண்டுகளாக ஒரே மேசையில் ஆடியவர்களைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிவு அந்த மேசையோடு நின்றுவிடும். மதுரைக்கோ சென்னைக்கோ போட்டிக்குப் போனால் அது உடன் வராது.

இனி அமைப்பை எண்ணுவது. இதற்கு ஒரு கையை முழுமையாக ஆடிப் பார்ப்பதுதான் சரி. பாடத்துக்காக நானே அடுக்கிய கை இது. ஒப்பந்தம் ஆறு நோ டிரம்ப், அதாவது மற்ற இனங்களை வெட்டும் துருப்பு இனம் இல்லாத ஆட்டம். நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று ஒரு பிடி; 13 பிடிகளில் 12 எடுக்க வேண்டும். ஆடுகிறவர் தெற்கு. எதிராளிகள் ஏலத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தெற்கின் கையில் ஸ்பேட் ஏஸ், ராஜா, 5; ஆட்டின் ஏஸ், ராணி, 4; டைமண்ட் ராஜா, ராணி, 3, 2; கிளாவர் ஏஸ், 10, 4.

டம்மியில் ஸ்பேட் ராணி, 6, 2. ஆட்டின் ராஜா, 7, 3, 2. டைமண்ட் ஏஸ், 8, 5. கிளாவர் ராஜா, ஜாக்கி, 5.

உறுதியான பிடிகளை எண்ணிப் பாருங்கள். ஸ்பேடில் மூன்று, ஆட்டினில் மூன்று, டைமண்டில் மூன்று, கிளாவரில் இரண்டு; ஆகப் பதினொன்று. பன்னிரண்டாவது எங்கிருந்து வரும்? ஆட்டினோ டைமண்டோ 3-3 ஆகப் பிரிந்தால் நான்காவது சீட்டு பிடி தரும். இல்லையென்றால் கிளாவர் ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். கிளாவரை எந்தப் பக்கமும் ஃபினெஸ் செய்யலாம், அதாவது ராணி ஒரு பக்கம் இருப்பதாக நம்பி அதைவிடச் சின்னச் சீட்டாலேயே பிடி எடுக்க முயலலாம் என்பதுதான் இந்தக் கையின் சோதனை. மேற்கிடம் ராணி என்றால் தெற்கிலிருந்து இறக்கி ஜாக்கியைப் போடலாம். கிழக்கிடம் என்றால் டம்மியிலிருந்து ஜாக்கியை இறக்கி, தெற்கில் பெரிய சீட்டு போடாமல் ஓட்டலாம்.

மேற்கு ஸ்பேட் ஜாக்கியை இறக்குகிறார். அட்டவணைக்காரர் ஏஸால் பிடித்துவிட்டு உடனே கிளாவரைத் தொடுவார். பாதிக்குப் பாதி, ஒரு பக்கம் பார்த்துப் போட வேண்டியதுதான் என்று நினைப்பார். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறாது. கிளாவரைத் தொட எந்த அவசரமும் இல்லை. கிளாவருக்கு வெளியே ஒன்பது பிடிகள் கையில் தயாராக இருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்தால் ஒவ்வொரு பிடியிலும் எதிராளிகள் இருவரும் ஒவ்வொரு சீட்டைக் காட்டியாக வேண்டும்.

ஸ்பேட் ஏஸ், பிறகு ராஜா. இருவரும் ஸ்பேட் போடுகிறார்கள். மூன்றாவதாக ஸ்பேட் 5-ஐ இறக்கி ராணியால் பிடிக்கும்போது கிழக்கிடம் ஸ்பேட் இல்லை. கிளாவர் 2-ஐக் கழிக்கிறார். வெளியே இருந்த ஸ்பேட் ஏழு. கிழக்குக்கு இரண்டு, எனவே மேற்குக்கு ஐந்து. அடுத்து ஆட்டின்: ஏஸ், ராணி, ராஜா. மூன்றாவது சுற்றில் மேற்கிடம் ஆட்டின் இல்லை. ஒரு ஸ்பேடைக் கழிக்கிறார். வெளியே இருந்தவை ஆறு. மேற்குக்கு இரண்டு, கிழக்குக்கு நான்கு. 3-3 நம்பிக்கைகளில் ஒன்று போய்விட்டது. அடுத்து டைமண்ட் ராஜா, ராணி, பிறகு 3-ஐ இறக்கி ஏஸ். மூன்றாவது சுற்றில் கிழக்கு மறுபடி ஒரு கிளாவரைக் கழிக்கிறார். வெளியே இருந்தவை ஆறு. கிழக்குக்கு இரண்டு, மேற்குக்கு நான்கு. இரண்டாவது நம்பிக்கையும் போய்விட்டது.

இப்போது மேற்கின் கையைக் கூட்டுங்கள். ஸ்பேட் ஐந்து, ஆட்டின் இரண்டு, டைமண்ட் நான்கு, பதினொன்று. ஒரு கையில் பதின்மூன்றுக்கு மேலும் இருக்காது, கீழும் இருக்காது. மேற்கிடம் கிளாவர் இரண்டுதான். வெளியே இருந்த ஏழு கிளாவரில் ஐந்து கிழக்கிடம் இருந்திருக்கின்றன. ராணி கிழக்கிடம் இருப்பதற்கான வாய்ப்பு 5-க்கு 2; 71 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பாதிக்குப் பாதி என்று தொடங்கிய கேள்வி, ஒரு பிடியும் விட்டுக்கொடுக்காமல், இந்த அளவுக்கு வந்துவிட்டது. ஆட்டம் இப்போது டம்மியில் இருக்கிறது. கிளாவர் ராஜாவை எடுத்து, பிறகு ஜாக்கியை இறக்கி, கிழக்கு ராணியைப் போடாவிட்டால் ஓட்டிவிட வேண்டும்.

இதே இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மேசையில் இளையவர் ஒருவர் இப்படி ஒரு கையின் முடிவில் மூத்தவரிடம் கேட்டார்: "அண்ணாச்சி, கிழக்குதான் இரண்டு கிளாவரைத் தூக்கிப் போட்டுவிட்டாரே. ராணி இருந்தால் அந்த இனத்தைக் கழிப்பாரா?" அவர் சொன்ன பதில்: "தம்பி, ஐந்து கிளாவர் இருக்கிறவருக்குத்தானே இரண்டைக் கழிக்க வசதி?" பதில் முற்றிலும் சரி. ராணியை வைத்திருப்பவர் ராணியைக் கழிக்க மாட்டார். பக்கத்தில் இருக்கும் சின்னச் சீட்டுகளைத்தான் கழிப்பார். ஆகவே அவர் கழித்த பிறகு கையில் எத்தனை மிச்சம் என்பது கணக்கில்லை. முதலில் எத்தனை இருந்தன என்பதே கணக்கு. அதனால் 5-க்கு 2 என்ற வாய்ப்பு கழித்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. எண்ணத் தொடங்கியவர்கள்கூட இந்த ஒரு நுணுக்கத்தில் வழி தவறி, சரியாக எண்ணிவிட்டுத் தவறான பக்கம் போகிறார்கள்.

மற்ற 29 விழுக்காட்டில் என்ன ஆகும் என்று கேட்கலாம். மேற்கிடம் ராணியும் இன்னொரு கிளாவரும் இருந்தால் நாம் தோற்போம். அந்த நிலையில் ராஜா, ஏஸ் இரண்டையும் வரிசையாக எடுத்திருந்தால் ராணி தானாக விழுந்திருக்கும். அமைப்பு தெரிந்த பிறகு இரண்டு வாய்ப்புகளும் கண் முன்னால் தெளிவாக நிற்கின்றன. எது பெரியது என்பதில் குழப்பம் இல்லை. தோற்றாலும் எதில் தோற்றோம் என்பது தெரியும்.

மேலே உள்ள கையில் புள்ளிக் கணக்கு எதற்கும் உதவவில்லை. எதிராளிகள் பேசவில்லை; இருவருக்கும் சேர்த்து இருந்ததே ஐந்து புள்ளி. அவர்கள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்ட கைகளில்தான் இந்த வழிக்கு முழு வலு வருகிறது.

வேறொரு கை. ஒப்பந்தம் நான்கு ஸ்பேட்: ஸ்பேட் துருப்பு, 10 பிடி எடுக்க வேண்டும். சீட்டைப் பங்கிட்டவர் மேற்கு; ஏலத்தில் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். அவர் 'பாஸ்' சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கியதும் அவர் ஆட்டின் ஏஸையும் ராஜாவையும் எடுக்கிறார். மூன்றாவதாக டைமண்ட் ஏஸையும் எடுத்துவிடுகிறார். நீங்கள் இனி ஒரு பிடிகூட இழக்க முடியாது. துருப்பில் உங்கள் கையில் ஏஸ், ஜாக்கி, 10, 6, 3. டம்மியில் ராஜா, 9, 5, 4. ஒன்பது துருப்பு உங்களிடம், நான்கு வெளியே, ராணியைக் காணோம்.

எட்டு இருந்தால் ஃபினெஸ், ஒன்பது இருந்தால் மேலிருந்து இழு என்று பழைய வாய்ப்பாடு சொல்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ராஜாவை எடுத்து, இருவரும் சின்னச் சீட்டுப் போட்டு, டம்மியிலிருந்து மறுபடி ஒரு துருப்பை இறக்கிக் கிழக்கும் சின்னதைப் போட்ட நிலையில், ராணி மேற்கிடம் இருக்க 12, கிழக்கிடம் இருக்க 11 என்ற விகிதம். 52-க்கு 48. மயிரிழை வித்தியாசம்தான், ஆனாலும் வித்தியாசம். வேறு எதுவும் தெரியாவிட்டால் ஏஸைப் போட்டு ராணி விழுகிறதா என்று பார்ப்பதே சரி.

இங்கே வேறு ஒன்று தெரியுமே. பிரிட்ஜில் புள்ளி ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. மேற்கு இதுவரை காட்டியது இரண்டு ஏஸ், ஒரு ராஜா, பதினொன்று. ஸ்பேட் ராணியும் அவரிடம் இருந்தால் பதின்மூன்று. இரண்டு ஏஸோடு பதின்மூன்று புள்ளி வைத்துக்கொண்டு முதலில் பேச வேண்டியவர் 'பாஸ்' சொல்லவே மாட்டார். ஆகவே ராணி கிழக்கிடம். ஜாக்கியைப் போடுங்கள். அட்டவணையின் 52 விழுக்காடு, மேற்கின் ஒரே ஒரு 'பாஸ்' முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. இதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். 15-இலிருந்து 17 புள்ளி என்று ஒரு நோ டிரம்ப் சொல்லித் தொடங்கிய எதிராளி பதின்மூன்று மட்டும் காட்டியிருந்தால், அவர் இன்னும் குறைந்தது இரண்டு புள்ளி காட்டியாக வேண்டும். ராணியைத் தவிர அந்த இரண்டுக்கு வேறு இடமில்லை என்றால் தேடல் அங்கேயே முடிந்தது. இருபத்தெட்டு ஆடி வந்தவர்களுக்கு இந்த வழி எளிதில் கைவரும். அவர்களுடைய பழைய பழக்கம் இங்கே அப்படியே பயன்படுகிறது.

அமைப்பும் புள்ளியும் மோதினால் என்ன செய்வது? கிளாவர் மேற்கிடம் நான்கு, கிழக்கிடம் இரண்டு என்று அமைப்பு சொல்கிறது. மேற்கிடம் ராணி இருந்தால் அவர் கட்டாயம் ஏலத்தில் பேசியிருப்பார் என்று புள்ளி சொல்கிறது. அமைப்பு இங்கே 4-க்கு 2 என்ற வாய்ப்பைத்தான் தருகிறது; புள்ளி ஏறக்குறைய உறுதியைத் தருகிறது. புள்ளி பக்கம்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு எதிராளிகளின் ஏல முறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினொரு புள்ளியிலேயே தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டை அடக்கிவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் அவர்களுடைய முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு; கேளுங்கள். எல்லை ஒரு புள்ளி இங்கே அங்கே நகர்ந்தாலே மாறிவிடும் முடிவு என்றால், நான் அமைப்பின் பக்கமே நிற்பேன். ஏல முறை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கையில் பதின்மூன்று சீட்டு என்பது மாறாது.

எண்ணுவதற்கு நினைவாற்றல் வேண்டுமே, வயதாகிவிட்டதே என்று எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் இணையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60. அவருடைய இணை ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அவர்கள் பெரும் வல்லுநர்கள் என்பது வேறு. ஆனால் எண்ணுவதற்கு 52 சீட்டையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஓர் எதிராளியை மட்டும் எண்ணினால் போதும். மற்றவர் தானாகத் தெரிந்துவிடுவார். யார் எப்போது ஓர் இனத்தில் தீர்ந்துபோனார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், சுற்றுச் சுற்றாகச் சீட்டுகளை நினைவில் வைக்கத் தேவையில்லை.

அதற்கு உதவுவது கையின் அமைப்புகளை ஒரே மூச்சில் சொல்லப் பழகுவது. அதிகம் வருவது 4-4-3-2, ஏறக்குறைய 21.6 விழுக்காடு. அடுத்து 5-3-3-2 என்பது 15.5, 5-4-3-1 என்பது 12.9, 5-4-2-2 என்பது 10.6, 4-3-3-3 என்பது 10.5. இந்த ஐந்தும் சேர்ந்தால் எழுபது விழுக்காட்டைத் தாண்டிவிடும். "ஐந்து, நான்கு, இரண்டு" என்று காதில் விழுந்ததும் "இரண்டு" என்று வாய் தானாகச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், மேசையில் கூட்டல் போட வேண்டியதில்லை. நாம் மேலே பார்த்த மேற்கின் கை இதே 5-4-2-2 தான். கிழக்கின் கை 5-4-2-2 இன் இன்னோர் அடுக்கு.

நேரமும் ஒரு தடைதான். ஒரே கைகளை எல்லா மேசைகளிலும் ஆடும் டூப்ளிகேட் போட்டிகளில் ஒரு கைக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும், ஏலமும் அதற்குள்தான். எல்லாக் கைகளிலும் முழுக்க எண்ண வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிடிகள் தாராளமாக இருக்கும் கையில் எண்ணி நேரத்தைத் தின்ன வேண்டாம். டம்மி விரிந்ததும் உறுதியான பிடிகளை எண்ணி, ஒன்று குறைகிறது, அது ஒரு சீட்டின் இருப்பிடத்தைப் பொறுத்தது என்று கண்டால், அந்தக் கையில் மட்டும் முதல் சீட்டிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். நடுவில் நினைத்துக்கொண்டு தொடங்கினால் ஏற்கனவே விழுந்த சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். பிறகு திரும்பிப் பார்க்க முடியாது.

புதிதாக வருகிறவர் எதிலிருந்து தொடங்குவது என்றால், முதல் சில மாதங்கள் துருப்பை மட்டும் எண்ணட்டும். அது தடுமாறாமல் வந்த பிறகு, எதிராளிகள் முதலில் இறக்கிய இனத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டு இனம் கைக்கு வந்துவிட்டால் மூன்றாவது பெரிய சுமையாக இருக்காது. நான்காவதை எண்ணவே வேண்டியதில்லை, கழித்தால் வந்துவிடும். கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நான்கு கைகளையும் திறந்து பார்க்கலாம். பார்ப்பதற்கு முன், மேற்கின் கை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு தாளில் நான்கு எண்களாக எழுதிவைத்துவிட்டு, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எந்த இனத்தில் எண் பிசகியதோ, அடுத்த கையில் அந்த இடத்தில் கவனம் தானாகக் கூடும்.